பத்துக்கு எட்டு

26 ஆண்டுகளாக மற்றவர்களுக்கு மதிப்பெண் போட்டுப் பிழைக்கிறவள் நான். திண்டிவனத்தில் ஒரு பள்ளியில் தமிழாசிரியை. 2023இல் ஒருநாள் புதுச்சேரியில் ஒரு மருத்துவர் என்னிடம் கேட்டார்: “டீச்சர், உங்க அரிப்புக்கு நீங்களே மார்க் போடுங்க. அரிப்பே இல்லைன்னா பூஜ்யம். தாங்கவே முடியலைன்னா பத்து. போன வாரம் எவ்வளவு இருந்துச்சு?”

எனக்கு உடனே பதில் வரவில்லை. 8 ஆண்டுகளாகச் சொறிந்துகொண்டிருந்தேன். தோல் மருத்துவர், பொது மருத்துவர், நாட்டு வைத்தியர், மாமியார், ஓரகத்தி என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். எவ்வளவு அரிக்கிறது என்று கேட்டவர் ஒருவரும் இல்லை. “எட்டு” என்றேன். ரத்தப் பரிசோதனை எண்களுக்குக் கீழே, அதே பேனாவால் அவர் அதை எழுதினார். திரும்பி வரும்போது பேருந்து கிளியனூர் தாண்டும்வரை அழுதுகொண்டே வந்தேன்.

எனக்கு இருப்பது பிரைமரி பிலியரி சோலாங்கைட்டிஸ். சுருக்கமாகப் பி.பி.சி. கிருமிகளோடு சண்டைபோட வேண்டிய உடம்பின் பாதுகாப்புப் படை, ஈரலுக்குள் இருக்கும் மிகச் சிறிய பித்தக் குழாய்களைப் பகையென்று நினைத்துத் தாக்குகிறது. குழாய்கள் சிதையச் சிதையப் பித்தம் வடிய வழியில்லாமல் ஈரலிலேயே தேங்குகிறது. பல ஆண்டுகள் கவனிக்காமல் விட்டால் ஈரல் தழும்பேறிச் சுருங்கும். குடியால் வருவதில்லை, ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதில்லை. இந்த நோய் வந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலும் 40 வயதுக்கு மேல் தெரியவரும். முதல் அறிகுறிகள் இரண்டு: களைப்பு, அரிப்பு. நம் வீடுகளில் ஒரு பெண் சொன்னால் காதில் விழாத இரண்டு சொற்கள் உண்டென்றால் அவை இவைதான்.

எனக்கு 2015இல் தொடங்கியது. உள்ளங்கை, உள்ளங்காலில் ஆரம்பித்து முதுகுக்குப் போகும். பகலில் பொறுத்துக்கொள்ளலாம். விளக்கை அணைத்துப் படுத்ததும் உயிரை எடுக்கும். தோலில் ஒரு தடிப்பு, ஒரு கொப்புளம் இருக்காது. நான் சொறிந்த தடம்தான் இருக்கும். கண்ணுக்குத் தெரியாததை யார் நம்புவார்கள்? கத்தரிக்காயை நிறுத்தினார்கள், கருவாட்டை நிறுத்தினார்கள். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினார்கள். மஞ்சள் பூசிய உடம்பில், மெல்ல ஏறிவரும் வேறொரு மஞ்சள் தெரியாமலே போகும் என்று பின்னால்தான் புரிந்தது. மருத்துவர்கள் ஒவ்வாமைக்கான செட்ரிசின் கொடுத்தார்கள். தூக்கம் வந்தது, அரிப்பு போகவில்லை. பித்தம் தேங்கி வரும் அரிப்பு அந்த வகை மாத்திரைக்குக் கட்டுப்படாது. ஒருவர் என் கணவரிடம், “மாதவிடாய் நிக்கிற வயசு, மனசைத் திசை திருப்பச் சொல்லுங்க” என்றார். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

2018இல், வேறு ஏதோ காரணத்துக்காக எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற எண் 410 என்று வந்தது. 120க்குள் இருக்க வேண்டியது. அதன் பிறகு ஏ.எம்.ஏ. என்ற எதிர்ப்பொருள் பரிசோதனை. பி.பி.சி. உள்ளவர்களில் நூற்றுக்கு 90 பேருக்கு மேல் இது இருக்கும். எனக்கும் இருந்தது. நோயை எழுதிக்கொடுத்தவர் பழைய பெயரையே எழுதினார்: பிரைமரி பிலியரி சிரோசிஸ். அந்தக் கடைசிச் சொல்லைப் பார்த்ததும் எனக்கு அம்மாவின் ஞாபகம் வந்தது.

அம்மா 1996இல் விழுப்புரத்தில் இறந்தாள். அப்பா ரயில்வேயில் கேங்மேன். தினமும் குடிப்பார். அம்மா வாயில் வெற்றிலை தவிர வேறொன்றும் பட்டதில்லை. என் சிறுவயது முழுக்க அம்மா கதவு நிலையில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நிற்பாள். இரவில் பாயை உதறிவிட்டு வெறும் சிமென்ட் தரையில் படுப்பாள். கண்ணிமை ஓரத்தில் துவரம்பருப்பு ஒட்டியதுபோல இரண்டு மஞ்சள் திட்டுகள் இருந்தன. அழகாக இருக்கிறது என்று நானும் தங்கையும் தொட்டுப் பார்ப்போம். கடைசி வருடம் வயிறு வீங்கியது. மகோதரம் என்றார்கள், கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். ஒரு மருத்துவமனையில் பத்து நாள் வைத்திருந்து, சீட்டில் ‘சிரோசிஸ்’ என்று எழுதி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

எங்கள் மாவட்டத்தில் ஈரல் கெட்டுப்போச்சு என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். சாவுக்கு வந்த ஒரு பெரியம்மா என் காதுபடச் சொன்னாள்: “வீட்ல பாட்டில் இருந்தா அவ மட்டும் சும்மாவா இருந்திருப்பா?” அப்பா 2011 வரை இருந்தார். குடித்தவர் இருந்தார், குடிக்காதவள் குடிகாரி என்ற பேரோடு போனாள்.

இந்தப் பெயர் விஷயத்தில் பிறகு நான் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு. 2015இல், அதாவது எனக்கு அரிப்பு தொடங்கிய அதே ஆண்டில், உலகெங்கும் இந்த நோயின் பெயரை மாற்றினார்கள். ‘சிரோசிஸ்’ போய் ‘சோலாங்கைட்டிஸ்’ வந்தது. பித்தக் குழாய் அழற்சி என்று பொருள். மாற்றச் சொல்லிக் கேட்டவர்கள் நோயாளிகள். ஆரம்ப நிலையில் இருக்கும் பலருக்கு ஈரல் சுருக்கமே கிடையாது, ஆனாலும் பெயரைக் கேட்டதும் குடிப்பழக்கம் உண்டா என்று எல்லோரும் பார்க்கிறார்கள் என்றார்கள். விழுப்புரத்துப் பெரியம்மாவைப் போன்றவர்கள் எல்லா நாட்டிலும் இருந்திருக்கிறார்கள். அதை எதிர்த்துப் பேசி ஒரு நோயின் பெயரையே மாற்றவைத்த பெண்களும் இருந்திருக்கிறார்கள். மாறி 3 ஆண்டுகளுக்குப் பிறகும் என் சீட்டில் பழைய பெயரே இருந்தது வேறு கதை.

இனி மருந்துகள். முதல் மருந்து உர்சோடிஆக்சிகோலிக் அமிலம். ‘உர்சஸ்’ என்றால் லத்தீனில் கரடி. கரடியின் பித்தத்தில் முதலில் கண்டுபிடித்ததால் அந்தப் பேர். இப்போது பெரும்பாலும் மாட்டுப் பித்தத்திலிருந்து செய்கிறார்கள். தேங்கிய பித்தத்தின் நச்சுத்தன்மையைக் குறைத்து, அதை நகரவைக்கும். அமெரிக்காவில் இந்த நோய்க்கு இது அனுமதி பெற்றது 1997இல், அம்மா இறந்த மறு ஆண்டு. பி.பி.சி. வந்த எல்லோருக்கும் இன்றும் இதுதான் தொடக்கம். ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும். மக்கள் மருந்தகத்தில் குறைந்த விலைக்கே கிடைக்கிறது.

ஆனால் அளவு முக்கியம். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 13 முதல் 15 மில்லிகிராம். நான் 62 கிலோ. எனக்கு நாளைக்கு 900 மில்லிகிராம், அதாவது 300 மில்லிகிராம் மாத்திரை மூன்று வேண்டும். முதல் சில ஆண்டுகள் இரண்டுதான் எழுதித் தந்தார்கள். எடை பார்க்கும் மெஷின் அறை வாசலிலேயே இருந்தது, ஏறச் சொல்லவில்லை. இதைப் படிக்கும் பெண்களில் யாருக்காவது இந்த மருந்து இருந்தால், இன்றே உங்கள் எடையை 13ஆல் பெருக்கிப் பாருங்கள்.

உர்சோ ஈரலைக் காக்கும், அரிப்பை அவ்வளவாகக் குறைக்காது. அதற்குக் கொலஸ்டிரமின் தூள் கொடுத்தார்கள். ஆற்று மணலைக் கரைத்துக் குடிப்பதுபோல இருக்கும். பிறகு ரிஃபாம்பிசின். பித்த அரிப்புக்கு உலகெங்கும் கொடுக்கும் மருந்துதான், ஈரல் எண்களைக் கவனித்துக்கொண்டே கொடுக்க வேண்டும். ஆனால் நம் ஊரில் அது காசநோய் மருந்து. திண்டிவனத்தில் மருந்துக்கடைப் பையன் பதிவேட்டைத் திறந்து, “டீச்சர், டி.பி. யாருக்கு?” என்று கேட்டபோது கடையில் என் மாணவியின் அம்மா நின்றுகொண்டிருந்தார். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போனது, வீட்டிலும் தெரிந்துபோனது. மாமியார் என் தம்ளரைத் தனியாக வைத்தார். விளக்கிச் சொல்லிப் பார்த்தேன். தனித் தம்ளர் அப்படியேதான் இருந்தது.

2021இல், உர்சோ போதவில்லை என்று ஒரு ‘புது மருந்து’ சேர்த்தார்கள். ஒபெட்டிகோலிக் அமிலம். ஏறக்குறைய 20 ஆண்டுகளில் இந்த நோய்க்கு வந்த முதல் புது மருந்து. 2016இல் அமெரிக்காவில் அனுமதித்திருந்தார்கள். நான்கு மாதத்தில் என் 410, 260 ஆனது. மருத்துவர் மகிழ்ந்தார். எனக்கோ அரிப்பு இரட்டித்தது. வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதும்போது ஒரு கையால் எழுதி மறு கையால் இடுப்பைச் சொறிந்துகொண்டிருந்தேன். சொன்னேன். “எண் நல்லா இறங்குதும்மா, பொறுத்துக்குங்க” என்றார். மூன்றாவது முறை அதையே கேட்டபிறகு, யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினேன். வீட்டில் சாப்பிடுவதாகவும் மருத்துவரிடம் தவறாமல் போட்டுக்கொள்வதாகவும் பொய் சொன்னேன். அடம்பிடிக்கும் நோயாளி, படித்தவளே இப்படியா என்று பின்னால் திட்டும் வாங்கினேன்.

அந்த மருந்தை அனுமதிக்க அடிப்படையாக இருந்த ஆய்வை நான் படித்தது மிகவும் தாமதமாகத்தான். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 38 சதவீதம் பேர் அரிப்பென்று சொன்னார்கள். 10 மில்லிகிராம் மருந்து சாப்பிட்டவர்களில் 68 சதவீதம். எல்லாம் அச்சில் இருந்தது. ரத்தத்தில் எண் குறைந்ததால் மருந்து வென்றது. 2024இல் ஐரோப்பிய மருந்துக் கழகம் அதன் அனுமதியை ரத்துசெய்யச் சொன்னது, பலன் உறுதியாகவில்லை என்று. 2025இல் அமெரிக்காவிலும் விற்பனையிலிருந்து விலக்கினார்கள். முற்றிய சிரோசிஸ் உள்ளவர்களுக்கு அது ஈரலையே மோசமாக்கும் என்ற எச்சரிக்கை அதற்கு முன்பே வந்திருந்தது.

2023இல் மதிப்பெண் கேட்ட மருத்துவரிடம் நான் உண்மையைச் சொன்னேன். “நிறுத்திட்டீங்கன்னு சொன்னது நல்லது. இல்லைன்னா நான் தப்பா முடிவெடுத்திருப்பேன்” என்றார். உர்சோவை மூன்றாக்கினார். கூடவே ஃபெனோஃபைப்ரேட் எழுதினார். ரத்தக் கொழுப்புக்குக் கொடுக்கும் பழைய, மலிவான மாத்திரை. கொழுப்பு மாத்திரை ஈரலுக்கு எதற்கு என்று கேட்டேன். ஈரல் செல்லுக்குள் பி.பி.ஏ.ஆர். என்று ஒரு வகை விசை இருக்கிறது, அதைத் தட்டினால் பித்த அமிலம் சுரப்பது குறையும், ஃபைப்ரேட் மாத்திரைகள் அந்த விசையைத் தட்டுகின்றன என்று படம் போட்டுக் காட்டினார்.

இதே குடும்பத்துப் பெசாஃபைப்ரேட்டை வைத்து பிரான்சில் 100 பேரிடம் 2 ஆண்டுகள் நடத்திய சோதனை 2018இல் வெளியானது. ஆல்கலைன் பாஸ்படேஸ் இயல்புக்கு வந்தவர்கள் 67 சதவீதம். வெற்று மாத்திரைக்காரர்களில் 2 சதவீதம். 2021இல் நெதர்லாந்திலும் ஸ்பெயினிலும் நடந்த சோதனை அரிப்பை மட்டுமே அளந்தது. பெசாஃபைப்ரேட் எடுத்தவர்களில் 45 சதவீதம் பேருக்கு மூன்றே வாரத்தில் அரிப்பு பாதிக்கு மேல் குறைந்தது, மற்றவர்களில் 11 சதவீதம் பேருக்கு. சிறுநீரக எண்ணையும் தசைவலியையும் கவனிக்க வேண்டும், ஈரல் செயலிழந்தவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. இந்த நோய்க்கு என்று அட்டையில் அச்சிட்ட மருந்து இல்லை இது. ஆனால் கொடுக்கிறார்கள், எனக்குக் கேட்டது. ஆறு வாரத்தில் எட்டு ஐந்தானது, நான்கு மாதத்தில் மூன்று. பல வருடங்களுக்குப் பிறகு ஒருநாள் விடியும்வரை தூங்கினேன். எழுந்ததும் ஏதோ கெட்டது நடந்துவிட்டதென்று பயந்தேன்.

2024இல் அதே விசையைத் தட்டும் இரண்டு புது மருந்துகளுக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது. ஜூனில் எலாஃபிப்ரனார், ஆகஸ்டில் செலாடெல்பார். உர்சோ போதாதவர்களுக்கு அதோடு சேர்த்துக் கொடுக்க, உர்சோவே ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தனியாகக் கொடுக்க. ஓராண்டுச் சோதனையில் செலாடெல்பார் எடுத்தவர்களில் 61.7 சதவீதம் பேருக்கு எண்கள் எதிர்பார்த்த அளவு இறங்கின, வெற்று மாத்திரையில் 20 சதவீதம். எலாஃபிப்ரனாருக்கு 51 சதவீதம், எதிரில் 4.

என்னை நிறுத்திப் படிக்கவைத்தது இன்னொரு வரி. செலாடெல்பார் சோதனையில் கலந்துகொண்டவர்களைப் பூஜ்யத்திலிருந்து பத்துவரை மார்க் போடச் சொல்லியிருந்தார்கள். நான்கும் அதற்கு மேலும் போட்டவர்களுக்கு ஆறு மாதத்தில் சராசரியாக 3.2 மார்க் குறைந்தது, வெற்று மாத்திரையில் 1.7. எலாஃபிப்ரனாரில் அந்தக் கணக்கில் தெளிவான வித்தியாசம் கிடைக்கவில்லை, அதையும் எழுதியிருந்தார்கள். 2016இல் பக்கவிளைவுப் பட்டியலில் கிடந்த அரிப்பு, 2024இல் மருந்தை எடைபோடும் அளவுகோல்களில் ஒன்றாகியிருந்தது. பெண்கள் எட்டு, ஏழு, ஒன்பது என்று எழுதி எழுதித்தான் அது அங்கே போய்ச் சேர்ந்தது.

அதற்காக இவற்றைக் கும்பிடச் சொல்லவில்லை. ரத்த எண்ணை வைத்துக் கொடுத்த விரைவு அனுமதிதான் இவையும். ஆயுளைக் கூட்டுமா, மாற்று ஈரல் தேவைப்படுவதைத் தடுக்குமா என்பதற்கு இனிமேல்தான் பதில் வர வேண்டும். எலும்பு முறிவு பற்றிய எச்சரிக்கை இரண்டிலும் உண்டு. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, அதுவும் எலும்பைத் தேய்க்கும் இந்த நோயோடு இருப்பவர்களுக்கு, அது சின்ன விஷயமில்லை. விலையோ, அமெரிக்காவில் மாதத்துக்கு 10,000 டாலருக்கு மேல். நம் பணத்தில் 8 லட்சத்தைத் தாண்டும். என் பல மாதச் சம்பளம் ஒரு மாத மாத்திரைக்கு. நீரிழிவுக்காரர்களின் ரத்தக் கொழுப்புக்கென்று 2013இல் இந்தியாவில் அனுமதி பெற்ற சாரோகிளிட்டசார் என்ற அகமதாபாத் நிறுவனத்தின் மருந்தையும் பி.பி.சி.க்குச் சோதித்து வருகிறார்கள். அதுவும் அதே விசை வகையைத் தட்டுவதுதான். புதிதென்றாலே நமக்கு எட்டாது என்று இருக்க வேண்டியதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

மருத்துவமனை பெஞ்சில் அறிமுகமான ஒரு பெண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். செஞ்சிப் பக்கம், 24 வயது. அவளுக்கு இதன் சகோதர நோய், ஆட்டோஇம்யூன் ஹெப்பட்டைட்டிஸ். அதிலும் பெண்களே அதிகம். பிரெட்னிசலோன் ஸ்டீராய்டால் முகம் வட்டமாக வீங்கியிருந்தது. “பொண்ணு பாக்க வந்தவங்க போட்டோவுல வேற பொண்ணுன்னுட்டாங்க டீச்சர்” என்று சிரித்தாள். ஸ்டீராய்டைக் குறைப்பதற்காக அசதியோபிரின் கொடுத்திருந்தார்கள். அதற்குப் பதிலாக மைக்கோபினோலேட் என்ற மருந்தைத் தொடக்கத்திலேயே கொடுத்தால் நோய் அடங்கும் விகிதம் கூடுதல் என்று 2024இல் ஒரு சோதனை சொன்னது: 6 மாதத்தில் 56 சதவீதம், அசதியோபிரினில் 29. நல்ல மருந்துதான். ஆனால் கருவைச் சிதைக்கும். கர்ப்பம் தரிக்க நினைப்பவர்கள் அதை எடுக்கக் கூடாது. அசதியோபிரினை மருத்துவர் மேற்பார்வையில் கர்ப்பத்திலும் தொடரலாம். ஆக, எது சிறந்த மருந்து என்ற கேள்விக்கு முன்னால், நீ என்ன செய்ய நினைக்கிறாய் என்று அவளைக் கேட்க வேண்டியிருக்கிறது. அவள் அம்மா, “கல்யாணம் முடியற வரைக்கும் நோயையே யாருக்கும் சொல்ல வேணாம்” என்றார். அந்தப் பெண், “மாத்திரையை எங்கம்மா ஒளிச்சு வைக்கிறது?” என்று கேட்டாள். எங்கள் இருவரிடமும் பதில் இல்லை.

எல்லா மருந்தும் தோற்றால் ஈரல் மாற்று. தமிழ்நாட்டில் மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளைப் பெறும் அரசுத் திட்டம் 2008 முதல் நடக்கிறது, முதலமைச்சர் காப்பீட்டிலும் இடம் உண்டு. ஆனால் நாட்டுக் கணக்கு ஒன்று என் தூக்கத்தைக் கெடுத்தது. 1995 முதல் 2021 வரை இந்தியாவில் நடந்த 36,640 உறுப்பு மாற்றுகளில் பெண்கள் பெற்றவை 6,945. உயிரோடு இருந்து உறுப்பைக் கொடுப்பவர்களிலோ பெரும்பாலோர் பெண்கள். கணவனுக்கு மனைவி கொடுப்பாள், மகனுக்கு அம்மா கொடுப்பாள். எனக்கு யார் கொடுப்பார்கள் என்று ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டேன். கணவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, “அதெல்லாம் இப்ப எதுக்கு?” என்றார். அவர் கெட்டவரில்லை. அந்தக் கேள்வி தன்னிடம் வரும் என்று அவரை யாரும் வளர்க்கவில்லை.

இந்த நோய் தாயிடமிருந்து மகளுக்கு அப்படியே இறங்குவதில்லை. ஆனாலும் நோய் உள்ளவளின் அம்மா, அக்கா தங்கை, மகளுக்கு மற்றவர்களைவிட வாய்ப்பு அதிகம். அம்மாவின் மஞ்சள் திட்டுகள், கதவு நிலை, சிமென்ட் தரை எல்லாம் எனக்குப் புரியத் தொடங்கியது அதைக் கேட்ட பிறகுதான். அம்மாவுக்கு இருந்தது இதுதான் என்று நிரூபிக்க என்னிடம் ஒரு காகிதம்கூட இல்லை.

சென்ற ஆண்டு ஒரு இரவு விழுப்புரத்திலிருந்து தங்கை பேசினாள். மகன் படிப்பு, மாமியார் சண்டை எல்லாம் சொல்லி முடித்துவிட்டுப் போனை வைக்கப் போகிறபோது, “அக்கா, எனக்கும் ராத்திரியில உள்ளங்கால் அரிக்குது. செருப்பு ஒத்துக்கலையோ என்னவோ” என்றாள்.

“எத்தனை நாளா?”

“ரெண்டு வருஷம் இருக்கும்.”

“பத்துக்கு எத்தனை மார்க் போடுவே?”

சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. “ஆறு” என்றாள்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு விழுப்புரம் போனேன். அவள் வீட்டில், அக்கா வந்திருக்கிறாள், கோயிலுக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டு இருவரும் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பேருந்து ஏறினோம். ஆல்கலைன் பாஸ்படேஸ் 236. ஏ.எம்.ஏ. இருந்தது. ஈரல் இன்னும் சுருங்கவில்லை. அவள் 54 கிலோ. நாளைக்கு 750 மில்லிகிராம் எழுதியிருக்கிறார்கள். பேருந்தில் உட்கார்ந்து பெருக்கிப் பார்த்தேன், சரியாக இருந்தது.